"வேலை பார்க்கிறதுக்கு நாம ஏன் காசு கட்டணும்?" - பெருவுக்குக் கிளம்பிய தங்கச்சியும் சித்தியின் ஐந்து கேள்விகளும்

ஞாயிற்றுக்கிழமை மதியம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தேன். போன் அடித்தது. சிவகாசியிலிருந்து சித்தி மகள்.

"அக்கா, நான் பெருவுக்குப் போறேன்."

"பெருங்குடிக்கா? வாடி வா. அப்படியே என் ரூமுக்கும் வந்துட்டுப் போ."

"ஐயோ அக்கா... பெருங்குடி இல்ல, பெரு. தென் அமெரிக்கா. அங்க ஒரு கிராமத்து ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போறேன். ரெண்டு மாசம். வாலன்டியரா!"

தூக்கம் போயே போச்சு.

தங்கச்சிக்கு 23 வயது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறாள். ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் போட்டுவிடுகிற ஊர் எங்களுடையது. அந்தக் காலண்டர்களில் அமாவாசை, பௌர்ணமி, அரசு விடுமுறை எல்லாம் சரியான கட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு வருடமாக போனில் ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தோம்.

"செலவு?" என்றேன்.

"1,200 டாலர் அக்கா. ஃப்ளைட் தனி. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம். ரெண்டு சீட்தான் மிச்சம் இருக்காம்."

நம் கணக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல். டிக்கெட்டையும் சேர்த்தால் இன்னும் பெரிய தொகை. சித்தி கட்டிவரும் சீட்டு இந்த மாதம்தான் முடிகிறது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நீ போன வாரம் எழுதினதைப் படிச்சேன்க்கா, அந்தப் போலி பார்ட் டைம் வேலை மெசேஜ் மேட்டர். அதான் பயமா இருக்கு. இது உண்மையானு மட்டும் பார்த்துச் சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

சித்தி கேட்ட முதல் கேள்வி

காலையில் வீட்டுக்குள் நுழையும்போதே பஞ்சாயத்து ஆரம்பித்திருந்தது. சித்தப்பா ஒரு பயராபீஸில் போர்மேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"நீயே சொல்லு. நாம போய் வேலை பார்க்கிறோம். சம்பளம் வேணாம்னு சொல்றோம். சரி, தர்மம். ஆனா வேலை பார்க்கிறதுக்கு நாம ஏன் காசு கட்டணும்?"

இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த கேள்வியை சித்தி ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

பதில் இல்லாமல் இல்லை. தங்க இடம், சாப்பாடு, உள்ளூரில் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் - இதற்கெல்லாம் செலவு உண்டு. ஏழைக் கிராமத்துப் பள்ளி அதைச் சுமக்க முடியாது. அதனால் வருகிறவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால், அந்த ஏற்பாட்டின் நடுவில் ஒரு பெரிய வியாபாரமும் வளர்ந்துவிட்டது. பணம் கட்டுகிறவருக்கும் பள்ளிக்கும் இடையில் இரண்டு மூன்று கைகள். பள்ளிக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேட்டால், அழகான புகைப்படங்கள் வரும். கணக்கு வராது.

பணம் கட்டாமல் போகிற வழியும் இருக்கிறது. ஸ்பெயின் அரசு தன் பள்ளிகளுக்கு வெளிநாட்டு இளைஞர்களை மொழி உதவியாளர்களாக எடுக்கிறது. அவர்களுக்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு. எந்தெந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வரும். சிலி நாட்டின் கல்வி அமைச்சகம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கிலத் தன்னார்வலர்களை அழைத்தது. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, உள்ளூர் ஆசிரியரின் பக்கத்தில் நின்று பாடம் எடுக்க வேண்டும். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பும் இருக்கிறது. 1970-ல் தொடங்கப்பட்டது. தேர்வானால் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். வீட்டிலிருந்தே இணையம் வழியாக வேலை செய்யும் பிரிவும் உண்டு, அதற்குக் கட்டணமே கிடையாது.

இவற்றில் இடம் கிடைப்பது எளிது இல்லை. தேர்வு இருக்கும், காத்திருக்க வேண்டும். 'ரெண்டு சீட்தான் மிச்சம்' என்று பஸ் கண்டக்டர் மாதிரி யாரும் கூவ மாட்டார்கள். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

தங்கச்சியின் விண்ணப்பத்தை வரி விடாமல் படித்தேன். பணம் கட்டும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவருக்கு வகுப்பறை வேலையில் முன்னுரிமை. மற்றவர்களுக்குச் சமையலறை, தோட்டம் போன்ற வேலையும் தரப்படலாம்.

"அப்போ லட்ச ரூபா கட்டி, அங்க போய் வெங்காயம் உரிக்கணுமா?" என்றார் சித்தி.

தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியை இரண்டாவது முறை படித்தாள்.

எங்களுக்கும் ஒரு வெள்ளைக்கார டீச்சர் வந்தார்

இதைக் கேட்டதும் எனக்கு என் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

எங்கள் பள்ளிக்கும் ஒரு வெளிநாட்டு அக்கா வந்திருந்தார். ஆறு வாரம். தங்கமானவர். கையை ஆட்டி ஆட்டிப் பாட்டுப் பாடுவார். 'வாட் இஸ் யுவர் நேம்' என்றால் எழுந்து நின்று நடுங்குகிற நாங்கள், அவர் முன்னால் சத்தம் போட்டுப் பேசினோம். தப்பாகப் பேசினால் அடி விழாது என்று எனக்கு முதலில் தெரிந்தது அவரால்தான். இன்றைக்கு யாரிடமும் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்கிறேன் என்றால், அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்த நன்றியை மறைக்க முடியாது.

ஆனால், ஆறு வாரம் முடிந்தது. அழுதார். நாங்களும் அழுதோம். நிறைய போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த திங்கள்கிழமை ஆங்கிலப் பாடவேளையில் வகுப்புக்கு யாரும் வரவில்லை. எங்கள் டீச்சரை அந்த ஆறு வாரமும் வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள், அவர் திரும்பிவர இன்னும் ஒரு மாதம் ஆனது. அரைப் பரீட்சையில் பாதி வகுப்பு ஃபெயில்.

அந்த அக்காவின் மேல் தப்பு இல்லை. அவர் போன பிறகு என்ன என்று யாருமே யோசிக்கவில்லை. அதுதான் தப்பு.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. குழந்தைகள் காப்பகங்களுக்கு வந்து சில வாரங்கள் தங்கிப் போகும் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் பற்றி யூனிசெஃப் பல முறை எச்சரித்திருக்கிறது. பாசம் காட்டுகிறவர் மாறிக்கொண்டே இருந்தால் அது பிள்ளைகளைப் பாதிக்கும். தன்னார்வலர் தரும் காசுக்காகவே பிள்ளைகளைக் காப்பகத்தில் வைத்திருக்கிற கொடுமையும் கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் நடந்தது.

வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. பார்சிலோனாவில் பிறந்த விசென்ட் ஃபெரர், 1952-ல் இயேசு சபைத் துறவியாக இந்தியாவுக்கு வந்தார். 1968-ல் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே திரும்பி வந்து, மழை பொய்க்கும் அனந்தப்பூரில் உட்கார்ந்தார். பள்ளிகள், மருத்துவமனைகள், வீடுகள் என்று 2009-ல் இறக்கும்வரை அங்கேயே வேலை செய்தார். அவர் தொடங்கிய கிராம வளர்ச்சி அறக்கட்டளை, கிராமத்துப் பட்டதாரிகளுக்கு ஸ்பானிஷ் உள்ளிட்ட வெளிநாட்டு மொழிகள் சொல்லித் தரும் பள்ளியையும் நடத்துகிறது. ஸ்பானிஷ் பேசுகிறவர் நம் பக்கம் வந்த கதை அது.

எல்லோராலும் ஆயுள் முழுக்கத் தங்க முடியாது. ஆறு வாரத்துக்கும் ஆயுளுக்கும் நடுவில் நேர்மையான ஓர் அளவு இருக்க வேண்டும், இல்லையா?

ஸ்கூலா, இஸ்கூலா?

மதியம் தங்கச்சியிடம் கேட்டேன். "சரி, அங்க போய் நீ என்ன செய்வ? தாய்மொழி ஆங்கிலம் உள்ளவங்களால முடியாத எதை நீ செய்வ?"

அழப்போகிறாள் என்று பயந்தேன். நோட்டை எடுத்தாள்.

"அக்கா, நம்ம அப்பத்தா 'ஸ்கூல்'னு சொல்ல மாட்டாங்க. என்ன சொல்வாங்க?"

"இஸ்கூல்."

"ஸ்பானிஷ் பேசுற பிள்ளைங்க 'எஸ்கூல்'னு சொல்வாங்க. அவங்க பாஷையிலயும் வார்த்தை ஆரம்பத்துல 'ஸ்'ஸும் அடுத்த மெய்யெழுத்தும் ஒட்டி வராது. அதனால முன்னாடி ஒரு 'எ' போட்டுக்குவாங்க. பள்ளிக்கூடத்துக்கே அங்க எஸ்குவேலானுதான் பேரு. இங்கிலீஷ்காரங்களுக்கு இது ஏன் கஷ்டம்னே புரியாது. எனக்குப் புரியும்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் நிறுத்தவில்லை.

'எனக்குத் தலை வலிக்குது' என்பதை ஸ்பானிஷில் 'மே துவேலே லா கபேசா' என்பார்கள். அப்படியே நம் கட்டுமானம். 'எனக்கு', 'தலை', 'வலிக்கிறது'. 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் அப்படித்தான், 'மே குஸ்தா'. 'வந்தேன்' என்று நாம் சொன்னால் போதும், 'நான்' தேவையில்லை. ஸ்பானிஷிலும் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் இருக்கிறார். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் 'இட்'டை விட்டுவிடுகிறார்கள். 'மழை பெய்யுது' என்பதில் 'அது' எங்கே இருக்கிறது? நம் பிள்ளைகளுக்கும் அதே சிக்கல்தானே? பெரியவர்களுக்கு 'உஸ்தேத்', கூட்டாளிக்கு 'தூ'. நம் 'நீங்க', 'நீ' மாதிரி. எல்லோருக்கும் ஒரே 'யூ' என்றால் அவர்களுக்கும் முதலில் கூச்சமாக இருக்கும்.

"அப்புறம் மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ, வாத்துக்கு பாத்தோ" என்று சிரித்தாள். இந்த மூன்றும் போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் தங்கிப்போன சொற்கள். ஸ்பானிஷ் அதற்குப் பக்கத்து வீட்டு மொழி. "ஆனா ஜன்னலுக்கு வேறக்கா, வென்தானா. எல்லாம் ஒண்ணுனு நம்பிப் போனா மாட்டிக்குவோம்."

இன்னொன்றும் சொன்னாள். பெருவின் மலைக் கிராமங்களில் நிறைய பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஸ்பானிஷ் இல்லை, கெச்சுவா. பள்ளிக்கு வந்துதான் ஸ்பானிஷ். அதற்கு மேல் ஆங்கிலம் என்றால் மூன்றாவது மொழி. வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று படித்தவருக்குத்தான் அந்தப் பிள்ளையின் முழி புரியும்.

'தாய்மொழி ஆங்கிலம் உள்ளவருக்கு முன்னுரிமை' என்று பொடி எழுத்தில் போட்டவரிடம் இந்த நோட்டைக் காட்ட வேண்டும் போல இருந்தது.

மெக்சிகோவில் ஒரு சிவகாசி

இரவு சித்தப்பா வந்தார். குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்ததும் என் போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். மெக்சிகோ நகரத்துக்கு வடக்கே துல்தெபெக் என்று ஓர் ஊர். அந்த நாட்டின் சிவகாசி. அங்கே குடும்பம் குடும்பமாக வெடித் தொழில்தான். ஒவ்வொரு மார்ச் மாதமும் கடவுளின் புனித யோவானுக்குத் திருவிழா. எரிகிற மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளைக் காப்பாற்றியும் தீக்காயம் படாமல் வந்தவர் என்று சொல்லப்படும் புனிதர். வெடித் தொழிலாளிகளுக்கு அவர்தான் காவல். காகிதக் கூழால் காளை மாடுகள் செய்து, உடம்பு முழுக்க வெடி கட்டி, தெருவில் இழுத்து வந்து கொளுத்துகிறார்கள். கூட்டம் தீப்பொறிக்குள் புகுந்து ஆடுகிறது.

சித்தப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பயலுக போட்டிருக்கிறது பருத்திச் சட்டையா? பாலியஸ்டர்னா உடம்போட ஒட்டிக்கிரும்ல?"

முப்பது வருட அனுபவத்தில் அவருக்கு முதலில் அதுதான் கண்ணில் படுகிறது.

அடுத்து இன்னொரு வீடியோ. 2016 டிசம்பர் 20, அதே துல்தெபெக்கின் சான் பாப்லித்தோ வெடிச் சந்தை. கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்த நேரம். ஒரு கடையில் பிடித்தது சந்தை முழுக்கப் பரவியது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 ஜூலையில் மறுபடியும். முதல் வெடிப்பில் சிக்கியவர்களைக் காப்பாற்ற ஓடிய தீயணைப்பு வீரர்களும் அடுத்த வெடிப்பில் போனார்கள்.

சித்தப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வீட்டில் யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்திருக்கும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அன்றைக்கு ஆசிரியர் தினம். பள்ளியில் டீச்சர்களுக்கு ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டிருந்தோம். மதியம் புகை தெரிந்தது. 40 பேர் அளவுக்கு இறந்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு என்ன ஆச்சு என்று ஓடிப்போனவர்கள், தூக்கிவிடப் போனவர்கள்.

"அங்கயும் ஓடிப்போய்த்தான் செத்திருக்காங்க" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் கழித்து மகளிடம் கேட்டார். "இந்த ஊர்ப் பிள்ளைங்களும் இங்கிலீஷ் படிக்குமா?"

"படிக்கும்ப்பா. ஸ்கூல்ல பாடம் இருக்கு."

"அங்க போயேன்" என்றார். "அந்தப் பிள்ளைங்க கூட உனக்குப் பேச விஷயம் இருக்கும்."

பிறகு அவரே ஒரு பழங்கதையை எடுத்தார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, 1923-ல் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, லேபிள் அடிக்க அச்சகம் என்று ஊரே அதிலிருந்து வளர்ந்தது.

"அவுக கல்கத்தாவுக்குச் சொல்லிக் கொடுக்கவா போனாக? கத்துக்கத்தான போனாக. நீயும் அப்படிப் போனா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அனுபவம்: இல்லை

வியாழக்கிழமை காலை. விண்ணப்பத்தைக் கடைசியாக ஒரு முறை பார்த்தேன். 'கற்பித்தல் அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"ஏய், இல்லம் தேடிக் கல்வியில நீ இருந்தல்ல?"

"அதெல்லாம் ஒரு அனுபவமா அக்கா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கொரோனாவில் பள்ளிகள் மூடி, பிள்ளைகள் எழுத்தையே மறந்த நேரம். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் அந்தத் திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேர வகுப்பு. ஒரு தன்னார்வலருக்கு சுமார் 20 பிள்ளைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஐந்தாம் வகுப்பு வரையும், பட்டதாரிகள் எட்டாம் வகுப்பு வரையும் சொல்லித் தரலாம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாடு முழுக்க சுமார் 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலானவர்கள் பெண்கள். யாரும் விமானம் ஏறவில்லை, தெரு முக்கு வரைக்கும்தான் நடந்தார்கள்.

தங்கச்சி அப்போது கல்லூரி மாணவி. அம்மன் கோயில் மண்டபத்தில் வகுப்பு. அம்மாவும் அப்பாவும் பயராபீஸ் விட்டு வரும்வரை தெருவில் சுற்றுகிற பிள்ளைகள்தான் மாணவர்கள். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி எழுத்து அட்டை செய்தாள். வாசிக்கவே தெரியாமல் வந்த நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், ஆறு மாதத்தில் பட்டாசுப் பெட்டி லேபிளைத் தானே வாசித்துக் காட்டியிருக்கிறான். இரண்டு வருடம் செய்தாள். அதன் பிறகு ஊக்கத்தொகை இல்லாமலும், பிரஸ் விட்டு வந்து வாரத்தில் மூன்று நாள் இன்னும் அதே மண்டபத்தில் உட்கார்கிறாள்.

இது அனுபவம் இல்லையென்றால் வேறு எது அனுபவம்? பெருவுக்கு ரெண்டு மாதம் போனால் 'வாலன்டியர்', மண்டபத்தில் நான்கு வருடம் உட்கார்ந்தால் 'சும்மா' என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

சித்தி அதுவரை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சித்திக்கு எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. விடியும் முன்னால் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும். 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தபோது, நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று. அப்படித் திறந்த சிறப்புப் பள்ளியில்தான், பன்னிரண்டு வயதில், சித்தி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த டீச்சர் வெளிநாட்டுல இருந்தா வந்தாக? திருத்தங்கல்ல இருந்து சைக்கிள்ல வந்தாக. மழை பேஞ்சாலும் வருவாக. அதான் எனக்கு இன்னைக்குச் சீட்டு நோட்டு எழுத வருது" என்றார்.

தங்கச்சி பேனாவை எடுத்து 'இல்லை' என்பதை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: '4 ஆண்டுகள்.'

சித்தியின் ஐந்து கேள்விகள்

அன்று மாலை அந்த ஏஜென்சிக்கு ஒரு மெயில் அனுப்பினோம். கேள்விகள் சித்தியுடையவை, ஆங்கிலம் தங்கச்சியுடையது. இப்படி வெளிநாட்டுக்குக் கிளம்புகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நீங்களும் கேளுங்கள்.

1. நாங்க கட்டுற காசு யாருக்குப் போகுது? பள்ளிக்கு எவ்வளவு, தங்கும் வீட்டுக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். போகாவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதும் எழுத்தில் வேண்டும்.

2. என்ன விசா? 'டூரிஸ்ட் விசாவுல வாங்க, பார்த்துக்கலாம்' என்றால் உஷார். சம்பளம் இல்லாத வேலைக்கும் தனி அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு. அந்த நாட்டுத் தூதரகத்தில் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

3. என் பிள்ளை நல்லவளானு நீங்க விசாரிச்சீங்களா? விநோதமாகத் தோன்றும். ஆனால், குழந்தைகளோடு வேலை என்றால் காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்பதுதான் முறை. பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக அது கிடைக்கும், எங்கள் பக்கத்துக்கு மதுரை. படிப்புச் சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை தேவைப்படலாம். பெரு, சிலி, மெக்சிகோ, ஸ்பெயின் எல்லாம் அதை ஏற்கும் நாடுகள். எந்தச் சான்றும் கேட்காமல் காசை மட்டும் கேட்கிற இடத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பாதுகாப்பு இல்லை.

4. உடம்புக்கு முடியலைனா யார் பார்ப்பா? பெருவின் கூஸ்கோ நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். தலைசுற்றலும் மூச்சுத் திணறலும் வரும். மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, அவசரத்துக்கு யார் எண் என்பது முன்னாலேயே தெரிய வேண்டும். பெருவின் தலைநகர் லிமாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, அந்த எண்ணையும் வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. இவ திரும்பி வந்த பிறகு அந்தப் பிள்ளைங்களுக்கு யார் பாடம் எடுப்பா? இதைக் கேட்கச் சொன்னது நான் இல்லை. சித்தியேதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. 'கடைசி ஒரு இடம், இன்று கட்டினால் 100 டாலர் தள்ளுபடி' என்று மட்டும் இருந்தது.

தங்கச்சி பணம் கட்டவில்லை.

அன்று ராத்திரி கொஞ்சம் அழுதாள். ஆசைப்பட்டது கைநழுவினால் அழுகை வரத்தானே செய்யும்? சித்தி தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னார். "போக வேணாம்னு யார் சொன்னா? காசு கட்டிப் போக வேணாம்னுதான் சொன்னேன்."

இப்போது திட்டம் வேறு. இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தஸ் என்ற ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனம் டெல்லியில் இருக்கிறது. 'டெலே' என்னும் ஸ்பானிஷ் தேர்வுச் சான்றிதழ் அவர்கள் வழியாக வருவது. முதல் நிலைகளை எழுதி முடித்துவிட்டு, ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ்ப் படிப்பையும் படித்துக்கொண்டு, காசு கேட்காத இடங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகட்டும் என்கிறாள். சித்தியின் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை இந்தப் படிப்புக்குத் தருவதாகப் பேச்சு. அதற்கு வட்டி உண்டா என்று சித்தப்பா கேட்டார். சித்தி முறைத்தார்.

சனிக்கிழமை ஊர் திரும்பும் முன்னால் மண்டபத்துக்குப் போனேன். கம்பி மத்தாப்புப் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். 'குட் ஈவ்னிங்' வரும் என்று நினைத்தேன்.

"ஓலா, அக்கா!" என்றாள்.

"அது ஸ்பானிஷ் வணக்கம்க்கா" என்று பக்கத்துப் பையன் எனக்கு விளக்கம் சொன்னான். "மிஸ் பெருவுக்குப் போவாங்கள்ல, அதுக்கு நாங்களும் பழகுறோம்."

"மிஸ் போயிட்டா உங்களுக்கு யார் சொல்லித் தருவா?" என்று கேட்டேன். சித்தியின் ஐந்தாவது கேள்விதான்.

அவன் யோசிக்கவே இல்லை. தூணோரம் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டை காட்டிக்கொண்டிருந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தியைக் கைகாட்டினான்.

"அந்த அக்கா. மிஸ் இப்பவே பழக்கி விட்டுட்டாங்க."

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மிஸ் இருப்பார். விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தை அவர் எப்படி நிரப்புகிறார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!